உயிரோடிருக்கும் வெலிச்கோவின் இரங்கல் தாள்

எங்கள் ஊரில் கால்வாசிப் பேர் சினிமாவில் செத்தவர்கள். மலையடியில் ஸ்டுடியோ வந்ததிலிருந்து இப்படித்தான். வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், சண்டைப் படம் எடுப்பார்கள். ஹீரோ சுடுவதற்கு ஆள் வேண்டுமே, அதற்கு நாங்கள் இருக்கிறோம். தபால்காரர் நான்கு படங்களில் குண்டடி பட்டவர். ரொட்டிக்கடைக்காரரை ஒரு படத்தில் ஹெலிகாப்டரிலிருந்து தள்ளிவிட்டார்கள். அந்தக் கதையைச் சொல்லி முடிக்காமல் இன்றும் அவர் யாருக்கும் ரொட்டி கொடுப்பதில்லை. என் புருஷன் வெலிச்கோ இவர்களுக்கெல்லாம் மூத்தவன். இருபது வருடமாகச் செத்துக்கொண்டிருந்தான்.

நான் திமானா. அந்தச் சாவுகளுக்கு ரத்தம் காய்ச்சியவள்.

முதலில் ஸ்டுடியோ சமையற்கட்டில் பீன்ஸ் சூப் வைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வெளியிலிருந்து வரவேண்டிய ரத்தம் வந்து சேரவில்லை. சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயமும் கொஞ்சம் கோகோத் தூளும் கலந்து ஒரு வாளி காய்ச்சிக் கொடுத்தேன். வாயில் வைத்துத் துப்புகிற நடிகர்களுக்கு அது பிடித்துப்போனது. அதோடு சூப் போயிற்று, ரத்தம் வந்தது. கோடையில் மட்டும் ஒரு தொல்லை. இனிப்பு வாசனைக்குக் குளவி வந்துவிடும். செத்துக் கிடப்பவன் மூக்கில் குளவி உட்கார்ந்தால் அவன் எழுந்து ஓடுவான், டைரக்டர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

வெலிச்கோ பட்டாளத்தில் பாராசூட் படை சார்ஜென்ட். வானத்திலிருந்து எத்தனையோ முறை குதித்திருக்கிறான், ஆனால் ஒரு சண்டையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஆட்சி மாறியதும் படையைச் சுருக்கி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை ஸ்டுடியோவில் தேவைப்பட்டது. கூரையிலிருந்து விழுந்தான், குதிரையிலிருந்து விழுந்தான், ஓடும் லாரியிலிருந்தும் எரியும் ஜன்னலிலிருந்தும் விழுந்தான். எல்லாப் படத்திலும் எதிரிதான். ஒன்றில் ரஷ்யன், இன்னொன்றில் அரபி, வேறொன்றில் எந்த நாடென்றே சொல்லாத கெட்டவன். அவன் முகம் யாருக்கும் தெரியாது. பார்ப்பதற்குள் செத்துவிடுவான்.

போன குளிர்காலத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டையின்மேல் உட்கார்ந்தான். சோஃபியாவில் ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். உயரம் ஏறக் கூடாது, குதிக்கக் கூடாது, உடம்பைத் திடீரென்று உலுக்கக் கூடாது என்றார் டாக்டர் அம்மா. நல்ல பிள்ளையாகச் சரி என்றான். நானும் நம்பினேன்.

வசந்தத்தில் அந்தப் படம் வந்தது. கதை ரொம்ப எளிது. வயதான சிப்பாய் ஒருவன், சண்டை போதுமென்று மலைமேல் தனியாக ஆடு மேய்க்கிறான். கெட்டவர்கள் வந்து கீழே இருக்கும் மடாலயத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவன் மறுபடி துப்பாக்கியை எடுக்கிறான். அதற்குப் பிறகு கதை என்று எதுவும் கிடையாது, ரத்தம்தான். எனக்குத் தினமும் அண்டா அண்டாவாக ஓடியது. ஹீரோவுக்கு எழுபது வயது, கார் கதவைத் திறக்கவே ஒருவர் கை கொடுக்க வேண்டும். அவருக்கு டூப் போட அதே தோளும் அதே நடையும் அதே கூனும் உள்ள ஆள் வேண்டியிருந்தது. ஸ்டண்ட் மாஸ்டர் ராதொய் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, கடைசியில மணிக்கூண்டு மேலேர்ந்து கயித்துல ஒரு குதி. அவ்வளவுதான்."

நான் அடுப்படியிலிருந்தே கத்தினேன். "அவ்வளவுதானா? நெஞ்சுக்குள்ள கம்பிய வச்சுத் தச்சிருக்காங்கடா அவனுக்கு! நீ போய்க் குதி!"

"அக்கா, நான் சும்மா ஏத்திவிடுவேனா? டாக்டர் சர்டிபிகேட் இருந்தாத்தான் ஏத்துவாங்க. இல்லன்னா வேற ஆளு."

வேறு ஆள் கிடையாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வயதில் குதிக்கிற கிறுக்கன் இந்த நாட்டில் இன்னொருத்தன் இல்லை.

வெலிச்கோ சர்டிபிகேட்டோடு வந்து நின்றான். பட்டாளத்தில் கூட இருந்த நண்பன் எழுதிக் கொடுத்தது. முத்திரை, கையெழுத்து, எல்லாம் கச்சிதம். இதயம் குதிரை மாதிரி இருக்கிறதாம். எழுதிய நண்பன் பல் டாக்டர். முத்திரையில் சின்ன எழுத்தில் அதுவும் இருந்தது, ஆனால் வெளிநாட்டுக்காரர்களுக்கு எங்கள் எழுத்து படிக்கத் தெரியாது. ராதொய்க்குத் தெரியும். அவன் படிக்காத மாதிரி இருந்துவிட்டான்.

"ஏன்டா கிழவா, பல்லு வலிக்குதுன்னா மணிக்கூண்டுலேர்ந்து குதிக்கப் போற?" என்று கேட்டேன்.

"கிண்டல் பண்ணாதடி. இருபது வருஷமா தோத்தவனாவே வீட்டுக்கு வந்திருக்கேன். ஒரே ஒரு தடவை ஜெயிக்கிறவன் சட்டைய மாட்டிக்கிறேன். ஜெயிச்சுட்டு வந்து உன் பக்கத்துல உக்காந்துடறேன். அப்புறம் நீ சொல்ற கஞ்சியக் குடிக்கிறேன்."

"ஜெயிக்கிறது அந்த எழுபது வயசுக்காரன். உன் மூஞ்சி எங்க வரப்போகுது?"

"முதுகு வரும்ல?"

இவன் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று பயந்தேன். அதைச் சொன்னால் சிரிப்பான். அதனால் தட்டை அவன் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் தயாரிப்பு அலுவலகத்துக்குப் போனேன். மொழிபெயர்க்கும் பெண் எலிட்சா நல்லவள், நான் திட்டினதைக்கூட விடாமல் சொன்னாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பல் டாக்டரின் காகிதத்தை எடுத்துக் காட்டிப் புன்னகைத்தார். காகிதம் இருக்கும்போது பெண்டாட்டி பேச்சு எதற்கு? சரி, காகிதம்தானே வேண்டும் என்று வெளியே வந்தேன்.

எங்கள் ஊரில் ஒருவர் போய்விட்டால் படம் போட்டு இரங்கல் தாள் அச்சடித்து வீட்டுக் கதவில், பஸ் நிறுத்தத்தில், மரத்தில் ஒட்டுவோம். நாற்பதாம் நாளுக்கு இன்னொன்று, ஆறு மாதத்துக்கு இன்னொன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று. கடைக்குப் போகிற வழியில் நின்று படித்துவிட்டுத்தான் போவோம். தாளில் இருப்பவன் செத்தவன், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. உயிரோடு இருப்பவனுக்கு அதை ஒட்டுவதா? நினைத்த மாத்திரத்தில், கெட்டது அண்டாமலிருக்கக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரத்தில் தட்டவேண்டிய காரியம் அது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சோன்காவின் அச்சுக்கடை. வெலிச்கோவின் படத்தை நீட்டியதுமே சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஐயோ திமானா! எப்போ?"

"வர்ற வியாழக்கிழமை."

"என்னது, வர்ற வியாழக்கிழமையா?"

"அன்னிக்குத்தான் குதிக்கிறான். நீ தேதி போடாத. பேரும் படமும் மட்டும் போடு."

"போடி பைத்தியக்காரி! உசுரோட இருக்கிறவனுக்கு நான் அடிக்க மாட்டேன். எனக்கும் வீட்டுல ஒருத்தன் இருக்கான்."

"சினிமாவுக்குன்னு நெனச்சுக்கோ. போன வருஷம் ஸ்டுடியோவுக்கு இப்படி அடிச்சுக் கொடுத்தியே."

"அதுல இருந்ததெல்லாம் இல்லாத ஆளுங்கடி!"

"இந்தத் தாள அடிக்கலன்னா இவனும் இல்லாத ஆளாயிடுவான்."

சோன்கா படத்தை வாங்கி மேஜைமேல் வைத்தாள். காதை இழுத்துக்கொண்டாள். மேஜையை மூன்று தட்டுத் தட்டினாள். அதற்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பு இருந்தது ஞாபகம் வந்து, அதைத் தூக்கிவிட்டு மரத்தில் இன்னொரு மூன்று தட்டினாள்.

"கவிதை எது போடட்டும்? அணைஞ்ச விளக்கு இருக்கு, வாடின ரோஜா இருக்கு."

"ரெண்டும் வேணாம். நானே எழுதறேன்."

எழுதிக் கொடுத்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தாள். மறுபேச்சு பேசாமல் போய் இயந்திரத்தை ஓடவிட்டாள்.

வியாழக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். அட்டையும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மடாலயம், ஆனால் மணிக்கூண்டு மட்டும் நிஜ மரம், நிஜ உயரம். வெளிச்சுவரோடு ஒட்டி வளைந்து இறங்கும் மரப்படி வேறு. மடாலய வாசலில் மாவுப் பசை தடவித் தாளை ஒட்டினேன். பிறகு போய் என் அண்டாவைக் கிளற ஆரம்பித்தேன்.

முதல் பஸ்ஸில் லைட்காரர்கள் வந்தார்கள். சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். தொப்பிகள் கழன்றன. "கடவுள் மன்னிக்கட்டும்" என்றான் ஒருவன், செத்தவர்களுக்குச் சொல்வதுபோல. "நேத்து என்கூட சீட்டாடினானேடா" என்றான் இன்னொருவன். கயிறு பிடிக்கிறவர்கள் வந்தார்கள், அவர்களும் நின்றார்கள். பிணமாக நடிக்க வந்திருந்த தபால்காரர், நெற்றியில் ஒப்பனைக்காரர்கள் வைத்த குண்டுத் துளையோடு சிலுவை போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஒப்பனை வண்டியிலிருந்து வெலிச்கோ இறங்கினான். ஹீரோவின் நீளக் கோட்டு, நரைத்த டோப்பா, தோளில் துப்பாக்கி, கையில் காபி. தபால்காரர் 'ஆ'வென்று அலறிப் பின்னால் நின்றவன் காலை மிதித்தார்.

"என்னடா எல்லாரும் எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? யாரு போயிட்டா?"

விலகி வழிவிட்டார்கள். வெலிச்கோ தன் படத்தைப் பார்த்தான். காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். அவனுக்கு மனதுக்குள் படிக்க வராது, எதையும் வாய்விட்டுத்தான் படிப்பான். அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"வெலிச்கோ, சார்ஜென்ட். இருபது வருடம், அவன் சட்டையைத் துவைப்பதற்கு முன்னால் அதில் இருந்த சிவப்பை நாக்கில் வைத்துப் பார்த்தேன். நான் காய்ச்சிய பாகா, அவன் ரத்தமா என்று தெரிந்துகொள்ள. ஒவ்வொரு தடவையும் இனித்தது. இந்த முறை நாக்கில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. திமானா."

நான் கரண்டியும் கையுமாக அண்டா பக்கத்தில் நின்றேன்.

ராதொய்தான் முதலில் பேசினான். "அண்ணே, மன்னிச்சுக்கோ. உன் தாளப் படிச்சுட்டேன். இனிமே உன் கயித்த என் கையால புடிக்க மாட்டேன்." அவன் ஆட்கள் ஒவ்வொருவராகக் கொக்கிகளைத் தரையில் வைத்தார்கள். ஒருவன் வைத்த கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

டைரக்டர் ஓடிவந்தார். இளம் வயது, எப்போதும் அவசரம். என்ன நடக்கிறது என்று எலிட்சாவைக் கேட்டார். எலிட்சா தாளை மொழிபெயர்த்தாள், கடைசி வரியை இரண்டு தடவை சொன்னாள். அந்தப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மனது கரைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் மேலே திரண்டிருந்த மேகத்தைப் பார்த்தான், தன் நாட்டிலிருந்து கூட்டிவந்த இரண்டு கயிற்று ஆட்களைக் கூப்பிட்டான். அவர்களுக்கு எங்கள் எழுத்தும் தெரியாது, எங்கள் பயமும் கிடையாது. தரையில் கிடந்த கொக்கிகளை எடுத்துக்கொண்டு, வா என்று வெலிச்கோவுக்குக் கை காட்டினார்கள்.

ஆக, என் காகிதம் ஊர்க்காரர்களைத்தான் நிறுத்தியது. அவனை நிறுத்தவில்லை. வெலிச்கோ என்னைப் பார்த்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் நான் தாளில் எழுதிவிட்டேன். அவன் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டு அவர்களோடு படியேறினான். நான் அடுப்பை அணைத்தேன். பாகு அடிப்பிடித்துப் போயிருந்தது.

மேலே போய்க் கயிற்றை மாட்டினார்கள். கீழே பிணங்கள் அவரவர் இடத்தில் படுத்தன. புகை போட்டார்கள். எல்லாம் தயார் என்று டைரக்டர் கை தூக்கிய நேரத்தில், வெலிச்கோ தன் இடுப்பில் இருந்த கொக்கியைக் கழற்றினான். பக்கத்தில் தொங்கிய மணியின் வளையத்தில் மாட்டினான்.

"எலிட்சா!" என்று மேலேயிருந்து கத்தினான். பட்டாளத்துக் குரல். "அந்தத் தம்பிகிட்டச் சொல்லு! குதிக்கிறவன் தோத்தவன். இருபது வருஷமா நான்தான குதிக்கிறேன், எனக்குத் தெரியும். ஜெயிச்சவன் படியில எறங்கித்தான் வருவான். கேமராவப் படிப் பக்கம் திருப்பச் சொல்லு!"

எலிட்சா சொன்னாள். டைரக்டர் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார், அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் மேகம் வந்துகொண்டிருந்தது. கேமரா திரும்பியது.

நான் ஏப்ரனை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். நன்றியில் அழுதேன், ஆத்திரத்திலும் அழுதேன். இதை நேற்றே சொல்லியிருந்தால் என்ன?

அவன் இறங்கி வந்தான். சுவரை ஒட்டி, ஒவ்வொரு படியாக, கோட்டு பின்னால் இழுபட, புகைக்குள்ளிருந்து வந்தான். முதுகும் ஒரு பக்கத் தோளும்தான் கேமராவுக்கு. மூட்டு வலிக்கிற கிழவன் படி இறங்குகிறான், வேறொன்றும் இல்லை. ஆனாலும் யாரும் கண்ணை எடுக்கவில்லை. கண்ணை மூடிக் கிடக்கவேண்டிய தபால்காரர்கூட ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிப் படியில் நின்றான். இடது கை சுவரைத் தேடிப் பிடித்தது. துப்பாக்கி தோளிலிருந்து நழுவிப் படிகளில் தடதடவென்று உருண்டு போனது. டைரக்டர் மூச்சை அடக்கிக்கொண்டு, யாரும் அசையாதீர்கள் என்று விரலை உயர்த்தினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இந்த மாதிரி நடிப்பை அவர் எதிர்பார்க்கவில்லை.

வெலிச்கோவுக்கு விழத் தெரியும். செத்துக் கிடக்கத் தெரியும். நடிக்க மட்டும் தெரியாது, சாமி சத்தியமாகத் தெரியாது.

அவன் வலது கை காற்றில் நீண்டது. விரல்களை விரித்து, பக்கத்தில் எதையோ தேடுகிறமாதிரித் துழாவியது. நான் ஓடினேன். புகைக்குள், பிணங்களைத் தாண்டி, தபால்காரரின் வயிற்றை மிதித்துக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை எப்போதும் என் ஏப்ரன் பையில்தான் வைத்திருப்பேன். அவனை என்மேல் சாய்த்துப் படியில் உட்கார வைத்து நாக்குக்கு அடியில் திணித்தேன். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. டோப்பா காதுவரை இறங்கியிருந்தது.

"ஷாட்டக் கெடுத்துட்டடி," என்றான்.

"வாய மூடு. மாத்திர வெளிய வந்துடும்."

"ஜெயிச்சேன்ல?"

"ஜெயிச்ச. மூடு."

ராதொய் அவனைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினான். ஆஸ்பத்திரியில் இன்னொரு ரத்தக்குழாயைத் திறந்தார்கள். நல்லவேளை, வலி படியில் நின்றபோது வந்தது, கயிற்றில் தொங்கியபோது வந்திருந்தால் கொண்டுவந்து சேர்க்க நேரம் இருந்திருக்காது என்றார் டாக்டர் அம்மா. பிறகு அந்தச் சர்டிபிகேட் எழுதியவர் பெயரைக் கேட்டார். வெலிச்கோ மயக்கம் தெளியாதவன் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டான். நடிக்கவே தெரியாதவன், அங்கேயும் மாட்டிக்கொண்டான்.

இலையுதிர்காலத்தில் படம் வந்தது. ஊரே கிளம்பி சோஃபியாவுக்குப் போனோம். தியேட்டரில் பாதி நாங்கள்தான். ஹீரோ சுடச் சுட எங்கள் ஆட்கள் எழுந்து நின்று கத்தினார்கள். "அது நம்ம ரொட்டிக்கடை!" "அய்யய்யோ, தபால்காரர் போயிட்டாரு!" கெட்டவர்களுக்கு இவ்வளவு கைதட்டல் வேறு எந்த ஊரிலும் கிடைத்திருக்காது. என் ரத்தம் திரை முழுக்க ஓடியது, நிறம் நன்றாகவே வந்திருந்தது.

பிறகு மணிக்கூண்டுப் படி வந்தது. தியேட்டர் அடங்கியது. புகைக்குள்ளிருந்து ஒரு முதுகு இறங்கியது, பாதியில் நின்றது. துப்பாக்கி உருண்டது. அந்தக் கை காற்றில் நீண்டு விரல்களை விரித்தது. பின்வரிசையில் யாரோ ஒரு இளைஞன் தன் பெண்ணுக்கு விளக்கினான்: "பாரு, எவ்வளவு அடிபட்டும் துப்பாக்கியத் தேடுறான். அதான் சிப்பாய்."

"துப்பாக்கியாம்," என்றான் வெலிச்கோ என் காதில். அவன் தோள் சிரிப்பில் குலுங்கியது. நான் சிரிக்கவில்லை, அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கை எதைத் தேடியது என்று அந்தத் தியேட்டரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கை நீண்டிருக்கும்போதே அந்தக் காட்சி முடிந்துவிடுகிறது. அடுத்த நொடியில் நான் ஓடிவந்ததை வெட்டிவிட்டார்கள்.